விளக்கணைத்த மூன்றாவது பீரியட்

விளக்கை அணைத்தது யார் என்று சௌபர்ணிகா பார்க்கவில்லை. பலகையில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். சுவருக்கு மேலே பொருத்தியிருந்த ஸ்பீக்கர் ஏதோ சொன்னது. அந்தப் பள்ளிக்கூடத்து ஸ்பீக்கர் எப்போதும் அப்படித்தான், பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் பெயர் சொல்வது போல, குரல் வரும், வார்த்தை வராது. அது பேசும்போதெல்லாம் அவள் காதை விட்டுவிட்டுக் கண்ணால் கேட்பாள். மற்றவர்கள் பையை எடுத்தால் எடுப்பாள், எழுந்தால் எழுவாள், சிரித்தால் உதட்டை மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொள்வாள். வந்த நாளிலிருந்து அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று ஒரு வார்த்தை மட்டும் கிடைத்தது, பூட்டு என்ற வார்த்தை, அது காதில் விழுந்து தலை நிமிர்வதற்குள் அறை இருட்டாகிவிட்டது. மிஸ் ஹால்வர்சன் கதவைப் பூட்டிவிட்டு, கதவிலிருந்த சின்னக் கண்ணாடிக்கு மேல் கறுப்புத் துணியை இறக்கினாள். ஜன்னல் பக்கம் இருந்த பெண்கள் திரைகளை இழுத்தார்கள். யாரும் பேசவில்லை. நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை, நாற்காலிகளைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். அதுதான் முதலில் உறுத்தியது. இவ்வளவு சத்தம் போடும் பிள்ளைகள், சாப்பாட்டு நேரத்தில் ஆப்பிளை எறிந்து பிடித்து விளையாடும் பிள்ளைகள், எப்படி இத்தனை பேரும் ஒரே சமயத்தில் இவ்வளவு மெதுவாக நடக்கக் கற்றுக்கொண்டார்கள். எல்லாரும் பின்சுவர் பக்கம், சிங்க் வைத்த நீளத் திண்டுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். அவளும் போய் உட்கார்ந்தாள். பேனாவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், மூடி இல்லாமல்.

தரை குளிர்ந்தது. கேஸ் குழாயின் வாசமும் நனைந்த ஜாக்கெட்டுகளின் வாசமும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் ஓவன் என்ற பெரிய உடம்புக்காரப் பையன் தன் ஷூ கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. அல்லது இருக்கிறதா. இவர்கள் முகத்தில் எதைப் பயம் என்று எடுத்துக்கொள்வது என்றே அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நம்மூர் முகமென்றால் ஒரு தெரு தள்ளி நின்று பார்த்தாலே தெரிந்துவிடும், வீட்டில் சண்டையா, கம்பெனியில் அனுப்பிய லோடு திரும்பி வந்துவிட்டதா, ஆஸ்பத்திரியா என்று. இங்கே எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே புன்னகை. என்ன நடக்கிறது என்று ஓவனைக் கேட்கலாம். கேட்க வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் கட்டிப் பார்த்தாள், கட்டி முடிப்பதற்குள் திண்டின் ஓரத்தில் குந்தியிருந்த மிஸ் ஹால்வர்சன் உதட்டின் மேல் விரலை வைத்தாள். அவளைப் பார்த்துத்தான் வைத்தாள். வாக்கியம் உதிர்ந்துபோனது. கேட்காமலே தெரியவில்லையா என்ன. டிவியில் பார்த்திருக்கிறாள். அம்மா சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், மஞ்சள் நாடா கட்டிய பள்ளிக்கூட வாசல், கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரிசையாக ஓடிவரும் பிள்ளைகள், கட்டிப்பிடித்து அழும் அம்மாக்கள். இங்கே வருவது முடிவான அன்று அம்மா அதைத்தான் கேட்டாள், "அங்க பள்ளிக்கூடத்துல சுடறாங்களாமா, மெய்யாலுமா?" அப்பா சிரித்தார். "அது அமெரிக்கா. இது கனடா. ரெண்டும் வேற வேற நாடு, தெரியுமா?" அம்மாவுக்குத் தெரியாது. சௌபர்ணிகாவுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். வந்த பிறகு, தான் தங்கியிருக்கும் டெப்ராவின் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த மேப்பைப் பார்த்தாள், இந்த ஊருக்கும் அமெரிக்க எல்லைக் கோட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நகம்தான் வைக்க முடிந்தது. நகத்தை எடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். பார்க்காமல் இருந்தால் தூரம் கூடிவிடும் என்பது போல.

மூச்சு சத்தமாக வருகிறதோ என்று வாயை மூடினாள், மூக்கில் இன்னும் சத்தமாக வந்தது. கண்ணை எங்காவது வைக்க வேண்டும் என்று எதிரே இருந்த மேசைகளைப் பார்த்தாள். திரையின் இடுக்கில் வந்த கொஞ்சம் வெளிச்சத்தில் மேசைகளின் கால்கள், கீழே விழுந்து கிடந்த ஒரு கையுறை, அப்புறம் தன்னுடைய மேசை, அதற்குப் பக்கத்து மேசை, அதன் கொக்கியில் தொங்கும் ஊதா நிறப் பை. பையைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. ஙா இல்லை. ஙா வெளியே இருக்கிறாள். ஸ்பீக்கர் பேசுவதற்குச் சற்று முன்பு கையைத் தூக்கி, வெளியே போகிறவர்கள் அனுமதிக்கு அடையாளமாக வைத்துக்கொள்ளக் கதவருகே மாட்டியிருந்த மரச்சில்லை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். போகும்போது அவள் ஷூ ஈரத்தில் கீச்கீச்சென்றது. திரும்பி வந்துவிட்டாளா. சௌபர்ணிகா சுவரோரம் இருந்த தலைகளை எண்ணுவது போலக் கண்ணால் தடவிக்கொண்டே போனாள், மஞ்சள் முடி, பழுப்பு முடி, தொப்பி, தொப்பி. கறுப்பு முடி தன்னுடையது ஒன்றுதான். மிஸ் ஹால்வர்சனுக்குத் தெரியுமா. தெரிந்திருக்க வேண்டும், அவளிடம் கேட்டுவிட்டுத்தானே போனாள். தெரிந்துதான் கதவைப் பூட்டினாளா.

ஙா வியட்நாமிலிருந்து வந்தவள். சௌபர்ணிகாவுக்கு இரண்டு வாரம் கழித்து வந்தாள். முதல் நாள் அவள் பெயரைச் சொல்ல இந்த வகுப்பே திணறியது. நாகா என்றார்கள், என்கா என்றார்கள், ஒருத்தி கடைசியில் உன்னை நான்சி என்று கூப்பிடட்டுமா என்று கேட்டாள். ஙா நின்றுகொண்டே இருந்தாள், அந்தப் பொதுப் புன்னகையை அதற்குள் எங்கிருந்தோ கற்று முகத்தில் மாட்டிக்கொண்டு. ஒன்றாம் வகுப்பில் க ங ச என்று கத்திக் கத்திப் படித்ததில் அந்த ங மட்டும் எதற்கு இருக்கிறது, அதில் தொடங்கும் ஒரு சாமானும் உலகத்தில் இல்லையே என்று சௌபர்ணிகா டீச்சரைக் கேட்டிருக்கிறாள். ஒரு ஆள் இருக்கிறாள் என்று அப்போது தெரியாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளிடம் மெதுவாக, "ஙா" என்றாள். அவள் திரும்பிப் பார்த்த பார்வை. தொலைந்துபோன பொருளை யாரோ கையில் வைத்த மாதிரி. அப்புறம் அவள் தன் மார்பைத் தொட்டு, இவளைத் தொட்டு, நீ? என்று கேட்டாள். டீச்சர்கள் நிக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், சௌபர்ணிகா என்பதை அவர்களும் தூக்க முடியாமல் கடைசித் துண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அன்று ஏனோ, "பர்ணி" என்றாள். வீட்டுப் பெயர். அம்மாவும் அப்பாவும் அப்பாவின் தையல் கம்பெனியில் செக்கிங் பண்ணும் அக்காக்களும் மட்டும் கூப்பிடும் பெயர். ஙா அதை அழகாகச் சொன்னாள், ர-வை மட்டும் நாக்கில் லேசாக வழுக்கவிட்டு. அதற்குப் பிறகு இந்த ஊரில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று வந்தது. அதற்கு முன்பு அது பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பிரெட் தின்னும் நேரம்.

கதவின் கைப்பிடி ஆடியது. யாரோ வெளியிலிருந்து அதைப் பிடித்து அழுத்தி ஆட்டினார்கள், கடகடவென்று, ஒரு தரம், கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தரம். சுவரோரம் ஒரு தலைகூட அசையவில்லை. ஓவனின் விரலில் கயிறு சுற்றியபடி நின்றது. பெரிய ஆளின் கை, சௌபர்ணிகாவுக்குத் தெரிந்துவிட்டது, இவ்வளவு பலம் ஙாவின் கைக்குக் கிடையாது. கைப்பிடி நின்றது. கனத்த ஷூ நடந்து போயிற்று. அடுத்த அறைக் கதவு கடகடத்தது. அதற்கடுத்தது. எந்தக் கதவாவது திறந்துவிடுமா என்று தேடுகிறான். யார். கண்ணை மூடினால் நாமக்கல் ஹாஸ்டல் வந்தது. விடிவதற்கு முன்பே வார்டன் அம்மா ஸ்டீல் டம்ளரால் கதவு கதவாக அடித்துக்கொண்டு வருவாள், தூரத்தில் ஆரம்பித்துக் கிட்டே, கிட்டே. அந்தச் சத்தம் தன் கதவுக்கு வருவதற்குள் எழுந்து பாயைச் சுருட்டியிருக்க வேண்டும். அதனால் அதற்கும் முன்பே விழித்துக்கொண்டு கிடப்பாள், இதயம் காதுக்குள் அடிக்க. பிளஸ் ஒன்னும் அங்கேதான் என்று அப்பா சொன்னபோது சாப்பிடாமல் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் கோயமுத்தூரில் அந்த ஏஜென்ட் ஆபீஸ், வழவழப்பான தாளில் ஏரி, மான், புல்லில் படுத்துப் படிக்கும் பிள்ளைகள். அவள் அந்தப் படத்தில் பார்த்தது ஏரியையும் மானையும் இல்லை. கதவை யாரும் அடிக்காத ஓர் ஊர். "போறீங்களா அம்மிணி?" என்று ஏஜென்ட் சிரித்துக்கொண்டே கேட்டார். "போறேனுங்க," என்றாள், யோசிக்காமல். அப்பா முதுகைத் தட்டினார். "ரெண்டே வருசம் சாமி. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போயிரும்." நானாகத்தான் வந்தேன். யாரும் தள்ளிவிடவில்லை. நானாகத்தான்.

ஒருவேளை ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அதை நினைத்துப் பார்த்தாள், வாயில் போட்டு ருசி பார்ப்பது போல. வந்த முதல் வாரம் டெப்ராவின் சமையலறையில் எண்ணெய் காய வைத்துக் கடுகும் மிளகாயும் போட்டாள், அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடிக்குத் தாளித்துக்கொள்ளலாம் என்று. கூரையிலிருந்த ஒரு வட்டமான பெட்டி கத்த ஆரம்பித்தது. வீடே பிளந்துவிடும் போலக் கத்தியது. நாய் கத்தியது. டெப்ரா குளித்த தலையோடு ஓடிவந்து ஒரு துண்டை எடுத்து அந்தப் பெட்டிக்குக் கீழே விசிறினாள், விசிறிக்கொண்டே சிரித்தாள், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, புகைதான் என்றாள். அவள் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் அன்றிலிருந்து சௌபர்ணிகா அடுப்பைத் தொடவில்லை. இதுவும் அப்படி ஏதாவது பெட்டியாக இருக்கக் கூடாதா. யாராவது துண்டை விசிறி நிறுத்திவிடக் கூடாதா. ஆனால் அன்று சத்தம் இருந்தது. சத்தம் இருந்தால் பயம் இல்லை, அது அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். வீட்டுக்குக் கீழேயே கம்பெனி, பவர் டேபிள் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் தொட்டிலிலிருந்தே தாலாட்டு. கரண்ட் போய் மெஷின்கள் நின்றால்தான் குழந்தையில் விழித்துக்கொண்டு அழுவாளாம், அம்மா சொல்வாள். இங்கே வந்ததிலிருந்து எப்போதும் கரண்ட் போன மாதிரியே இருக்கிறது. இப்போது இந்த அறையில், இத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு, உலகத்திலுள்ள எல்லா மெஷினும் நின்றுவிட்ட மாதிரி. இங்கே செத்துப்போனால் என்ன செய்வார்கள். அப்பா வர வேண்டும். அப்பாவுக்கு விசா கிடைக்க எத்தனை நாளாகும், அதுவரை எங்கே வைத்திருப்பார்கள். டிவியில் பெயரைச் சொல்வார்கள். நிக்கா என்று சொல்வார்களோ, சொன்னால் அம்மாவுக்கு யாரைச் சொல்கிறார்கள் என்றே தெரியாது, சோற்றுத் தட்டோடு பார்த்துக்கொண்டிருப்பாள், அய்யோ பாவம் யார் பெத்த புள்ளையோ என்று. இதை நினைத்தபோது தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்துவிட்டது. ஓவன் திரும்பிப் பார்த்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அதற்கு என்ன அர்த்தம். நன்றாயிருக்கிறாயா என்றா, நன்றாயிருக்கும் என்றா. அவளும் உயர்த்திக் காட்டினாள். மூடி இல்லாத பேனா ஜீன்ஸில் நீலமாக ஒரு குளம் கட்டியிருந்தது.

அப்போதுதான் கீச்கீச் கேட்டது. தூரத்தில் முதலில், நடைபாதையின் அந்தக் கோடியில். நின்றது, மறுபடி வந்தது, வேகமாக, ஓடாமல் ஆனால் ஓட்டத்துக்குப் பக்கத்தில். நம் கதவுக்கு முன்னால் வந்து நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள். விரல் முட்டியால், மரியாதையாக, டீச்சர் ரூம் கதவைத் தட்டுவது போல. பதில் இல்லாததால் இன்னொரு தரம். கைப்பிடி லேசாகக் கீழே இறங்கி ஏறியது. மிஸ் ஹால்வர்சன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது எழுந்திருப்பார்கள். யாராவது ஒருத்தர் எழுந்துவிடுவார்கள், நான் எழ வேண்டியிருக்காது. இந்த வகுப்பில் அவளைத் தெரிந்தவர்கள் இல்லையா, கையுறை கொடுத்த பெண் இருக்கிறாள், கணக்கில் அவளைப் பார்த்து எழுதும் பையன் இருக்கிறான். தட்டுவது நின்றது. அப்புறம் கதவின் இடுக்குக்கு மிக அருகில் வாயை வைத்து, சின்னக் குரலில், "பர்ணி," என்றது வெளியே. யாருக்கும் அது ஒரு வார்த்தையாகக்கூடப் பட்டிருக்காது. இந்தக் கண்டத்திலேயே அந்தப் பெயர் தெரிந்த ஒரே ஆள். "பர்ணி." அந்தக் கனத்த ஷூக்காரன் எங்கே இருக்கிறான் இப்போது, கோடிக்குப் போய்த் திரும்பியிருப்பானா, அவள் குரல் அவனுக்குக் கேட்டிருக்குமா. அவன் அவளைப் பிடித்து முன்னால் நிறுத்தித் தட்டச் சொல்லியிருந்தால். திறந்தவுடன் உள்ளே வந்தால். இருபதுக்கும் மேல் இருக்கிறார்கள் இங்கே. ஓவன் இருக்கிறான். அவன் அம்மாவும் டிவி பார்ப்பாள். இல்லை, அப்படி இருக்காது, அவள் குரலில் வேறு யாரும் இல்லை, அவள் ஒருத்திதான் நிற்கிறாள், ஆளில்லாத அத்தனை பெரிய நடைபாதையில் அத்தனை பூட்டிய கதவுகளுக்கு நடுவில், என் பெயரை வைத்துக்கொண்டு. போக வேண்டும். கால் வரவில்லை. போக வேண்டும் என்று நினைக்கிற இடம் ஒன்றாகவும் கால் இருக்கிற இடம் வேறாகவும் இருந்தது, நடுவில் கம்பி அறுந்துவிட்ட மாதிரி. கையைத் தரையில் ஊன்றினாள். முட்டி போட்டு நகர்ந்தாள். திண்டைத் தாண்டி, மேசைக்கால்களைத் தாண்டி, யாரோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், அது நழுவியது, கதவு வரைக்கும் போய்விட்டாள், கையைத் தூக்கிக் கைப்பிடியைத் தொட்டேவிட்டாள். இரும்பு ஜில்லென்றிருந்தது. அதன் மேல் வந்து விழுந்தது மிஸ் ஹால்வர்சனின் கை. அவளும் தவழ்ந்தே வந்திருக்கிறாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம். அழுத்திப் பிடிக்கவில்லை. உதறியிருந்தால் விட்டிருக்கும். சௌபர்ணிகாவுக்கு அது தெரிந்தது. உதறினால் விட்டுவிடும் என்று தெரிந்துகொண்டே, அந்தக் கையின் சூட்டில் தன் கையை அப்படியே விட்டுவைத்தாள். நிம்மதியாக இருந்தது. அதுதான். யாரோ பிடித்துக்கொண்டார்கள், இனி நான் திறக்க வேண்டியதில்லை என்று உடம்பு முழுக்க ஒரு நிம்மதி இறங்கியது, காய்ச்சல் விடுவது போல. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. ஒரு சாண் மரம்கூட இல்லை நடுவில். மூன்றாவது தரம் பெயர் வரவில்லை. ஷூ கீச்சிட்டது, திரும்பியது, இப்போது ஓடியது.

மறுபடி ஸ்பீக்கர் பேசியது எப்போது என்று தெரியவில்லை. இந்தத் தடவை குரலில் சிரிப்பு இருந்தது. விளக்கு எரிந்தது. திண்டுக்குப் பின்னாலிருந்து எல்லாரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டு எழுந்தார்கள், ஒருவன் சோம்பல் முறித்தான், ஒருத்தி தன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். ஓவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு, "போன வருஷத்தைவிட லேட்," என்றான் யாரிடமோ. சௌபர்ணிகா கதவோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மிஸ் ஹால்வர்சன் எழுந்து தன் பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

"நிக்கா, பயிற்சி நடக்கும்போது கதவுகிட்டப் போகக் கூடாது. நிஜமா நடந்தா அது எல்லாருக்கும் ஆபத்து. வெள்ளிக்கிழமை சொன்னேன் இல்லையா?"

"பயிற்சியா?" என்றாள். தமிழிலா ஆங்கிலத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆமா. வெள்ளிக்கிழமை முழுக்க அதைப் பத்தித்தானே..." மிஸ் ஹால்வர்சன் நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை சௌபர்ணிகாவையும் ஙாவையும் ஆங்கிலப் பரீட்சை வைக்க வேனில் ஏற்றி வேறொரு கட்டிடத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். மிஸ் ஹால்வர்சனின் முகத்திலிருந்து அந்தப் புன்னகை மெல்லக் கழன்றது. முதல் தடவையாக இந்த ஊரில் ஒரு முகத்தைச் சௌபர்ணிகாவால் படிக்க முடிந்தது. அது அம்மாவின் முகம் போல இருந்தது, கை தவறிப் பாலைக் கொட்டியதும் ஆகும் முகம். "அய்யோ," என்றாள் மிஸ் ஹால்வர்சன் தன் மொழியில். "நீங்க ரெண்டு பேரும் இங்க இல்ல."

கதவு தட்டப்பட்டது. சௌபர்ணிகாவின் உடம்பு துள்ளியது. துணைத் தலைமையாசிரியர் கிரான்ட் எட்டிப் பார்த்தார். கனத்த பழுப்பு ஷூ. இவர்தானா, எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துக்கொண்டு போனது இவர்தானா, காலையில் வாசலில் நின்று எல்லாருக்கும் கையாட்டுகிறவர். அவர் மிஸ் ஹால்வர்சனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். இருவரும் அவளைப் பார்த்தார்கள். "உன் தோழி பாத்ரூமில் இருக்கா," என்றார் அவர், ஒவ்வொரு வார்த்தையையும் தனியாக வைத்து. "வெளியே வர மாட்டேங்கிறா. நீ வந்து பேசினா நல்லது." வர முடியாது என்று சொல்லத் தோன்றியது. அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது. நடைபாதையில் அவர் பின்னால் நடந்தபோது இரண்டு பக்கமும் கதவுகள் திறந்து பிள்ளைகள் லாக்கர்களை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றில் நான் திறக்காமல் இருந்திருக்கிறேன். யாரும் சாகவில்லை, யாரும் வரவில்லை, என் கையை ஒரு டீச்சர் பிடித்தாள், அவ்வளவுதான். அப்படியென்றால் இது ஏன் இன்னும் முடிந்துபோகவில்லை. நிஜமாக நடந்திருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். அது இப்போது தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

பாத்ரூமில், பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா ஒருத்தி கடைசிக் கதவுக்கு முன்னால் குனிந்து, "நாகா, கண்ணே, எல்லாம் முடிஞ்சது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை நகரச் சொல்லிவிட்டு கிரான்ட் வாசலிலேயே நின்றுகொண்டார். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் கால்கள் தெரியவில்லை. இருக்கையின் மேல் ஏறி, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மரச்சில்லு மட்டும் தரையில் கிடந்தது. சௌபர்ணிகா ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஙா."

உள்ளே உடை உரசியது.

"முடிஞ்சிடுச்சு. சும்மா பயிற்சியாம். நமக்குச் சொல்லலை."

எங்கோ ஒரு குழாய் சொட்டியது. பிறகு உள்ளேயிருந்து, கரகரத்த குரலில், "கதவைத் தட்டினேன்," என்றாள் ஙா.

"கேட்டுச்சு."

"நீ உள்ளே இருந்தே?"

"இருந்தேன்." அதோடு நிறுத்திவிடலாம். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. நாக்கு நுனி வரை வந்தது. "கதவுகிட்ட வந்தேன். கைப்பிடியைத் தொட்டேன். திறக்கலை. பயமா இருந்துச்சு."

கவுன்சிலர் அம்மா கிரான்ட்டைப் பார்த்தாள். கிரான்ட் வாசலிலிருந்தே, "இப்போ பத்திரம்னு சொல்லு அவகிட்ட. இந்தப் பள்ளிக்கூடம் ரொம்பப் பத்திரமான இடம்," என்றார். நல்ல மனிதர். அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

"பத்திரம்னு சொல்றார்," என்றாள் சௌபர்ணிகா கதவிடம்.

"நீ என்ன சொல்றே?"

அம்மா தினமும் போனில் இதைத்தான் கேட்கிறாள், "பயமில்லாம இருக்கியா சாமி?" என்று, தினமும் இவள், "இருக்கேனுங்கம்மா," என்கிறாள். அந்த வாக்கியம் தயாராகத்தான் இருந்தது, எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். "எனக்குத் தெரியலை," என்றாள். "எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. கை நடுங்குது. நடக்கும்போது ஒவ்வொரு கதவையும் பார்த்துக்கிட்டே வந்தேன்."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கவுன்சிலர் அம்மா அப்பாடா என்று முன்னால் வந்தாள். கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. ஙா வெளியே வரவில்லை. அவள் முகம் வீங்கியிருந்தது, கோபம் இருந்தது, அதையும் படிக்க முடிந்தது. அவள் சௌபர்ணிகாவின் ஜீன்ஸில் இருந்த நீலக் கறையைப் பார்த்தாள், பிறகு அவள் கையை.

"அப்போ நீ உள்ளே வா," என்றாள்.

சௌபர்ணிகா எழுந்து உள்ளே போனாள். ஙா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். இரண்டு பேர் நிற்க இடமில்லை. ஙா மூடிய இருக்கையின் ஒரு ஓரத்துக்கு நகர்ந்தாள், இவள் மறு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், தோளோடு தோள் இடித்தது, ஙாவின் தோள் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டிருந்தது, அல்லது தன்னுடையதா. யாரும் மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை. ஙா இன்னும் அவளை நேராகப் பார்க்கவில்லை. வெளியே கிரான்ட், "சரி, இருக்கட்டும், நேரம் எடுத்துக்கட்டும்," என்பது கேட்டது. கனத்த ஷூ நடந்து போயிற்று, இருவரும் அது போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தலைக்கு மேல் ஒரு சத்தம் கிழித்துக்கொண்டு கிளம்பியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் துள்ளி, ஒருவர் கையை ஒருவர் நகம் பதியப் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் நின்ற பிறகும் விடவில்லை. நடைபாதையில் நூற்றுக்கணக்கான கால்கள் அடுத்த வகுப்புக்கு நடக்கத் தொடங்கின.

"பெல்," என்றாள் ஙா, கதவைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா," என்றாள் சௌபர்ணிகா. "பெல்தான்."